மூச்சு இழுத்த டாங்க்

இதை எனக்குச் சொன்ன மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. பழைய பிளக்கைத் துடைத்துப் புதுசு என்று மாட்டத் தெரியாததாலேயே முன்னுக்கு வராமல் போன மனிதர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடைசியில் வரும் அந்தக் கம்பியை நானும் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கரையில் ஒரு பட்டறை வைத்துப் படகு மோட்டார்களைப் பழுது பார்க்கிறவர் அவர். அவருடைய ஒரே தங்கையின் கணவர் மீன் பிடித்துப் பிழைத்தவர். படகும் மோட்டாரும் அவருக்கும் அவர் கூட்டாளிக்கும் பொது. கூட்டாளி எங்கே போனாலும் சீட்டியடித்துக்கொண்டே போவான். அதனால் அவனுக்கு விசில் என்றே பெயர்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம், தங்கையின் கணவர் தனியாகப் போனார். கிளம்பும் முன் வழக்கம்போல மூலை நசுங்கிய சிவப்பு எண்ணெய் டாங்க்கை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அவர் பார்க்கும் முறை அது. நடு ஏரியில் காற்று பிடித்துக்கொண்டது. மோட்டார் நின்றது. அவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பதைக் கரையில் நின்றவர்கள் கண்டார்கள். அப்புறம் படகு கவிழ்ந்து மோட்டாரோடு கரை ஒதுங்கியது. அவர் மறுநாள் ஒதுங்கினார்.

முந்தின நாள்தான் மெக்கானிக் அந்த மோட்டாரை சர்வீஸ் செய்திருந்தார். கரையில் யாரோ அதை எடுத்துச் சொல்ல, கூட்டம் முழுக்கப் பரவியது. துக்கத்துக்குப் போனவரைத் தங்கை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உன் கைதான் அவரக் கொன்னுச்சு."

கதவு சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் அண்ணா என்ற சொல் அவர் காதில் விழவில்லை.

ஊரே ஒதுங்கிப் போனபோது விசில் மட்டும் வந்தான். தினமும் சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டு, இரண்டு டம்ளர் டீயோடு வருவான். "விடுங்கண்ணே, கை தவறாத ஆளு யாரு" என்பான். அந்த டீயில்தான் மெக்கானிக்கின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. கடவுள் தன்னை இன்னும் கைவிடவில்லை என்பதற்கு அந்த டம்ளரைத்தான் அவர் சாட்சியாக நினைத்திருந்தார்.

மோட்டார் விசிலின் வீட்டில் சாக்கு மூடிக் கிடந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஒரு மதியம் அதைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பட்டறையில் இறக்கினான். எவ்வளவு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை, பார்த்து வையுங்கள், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மெக்கானிக்குக்கு அதைத் தொடவே கை கூசியது. ஆனாலும் தான் செய்த தப்பு எது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் தங்கையிடம் போய், இதுதானம்மா என்று சொல்லி மன்னிப்பாவது கேட்கலாம்.

பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்து, மோட்டார் மேல் வைத்துக் கயிற்றை இழுத்தார். நீலப் பொறி பளிச்சென்று வந்தது. பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து இழுத்தார். அழுத்தம் விரலைத் தள்ளியது. கார்பரேட்டரைப் பிரித்து ஊதினார். சும்மா கிடந்த மோட்டாரில் சேரும் அழுக்குத்தான் இருந்தது. வேறு குறை இல்லை.

தண்ணீர் பீப்பாயில் மோட்டாரைப் பொருத்தினார். சுவரோரம் சிவப்பு டாங்க் இருந்தது. மூலையில் அதே பழைய நசுங்கல். விசில் மோட்டாரோடு வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்தார். ஆட்டிப் பார்த்தார், பாதிக்கு எண்ணெய் இருந்தது. மேலெல்லாம் ஈரம். துணியால் துடைத்துவிட்டுக் குழாயை மாட்டினார்.

திரும்பிப் பார்த்தால்... டாங்க் மறுபடி நனைந்திருந்தது.

சாரல் என்று நினைத்துக்கொண்டார். சாரல் அந்தப் பக்கம் அடிக்கவில்லை.

மோட்டார் பிடித்தது. சீராக ஓடியது. கொஞ்ச நேரத்தில் திணறி நின்றது. மறுபடி இழுத்தார். ஓடியது. திணறியது. நின்றது.

மணி நாலேகால்.

டொக்... டொக்...

டாங்க்கிலிருந்துதான் வந்தது.

"கடவுளே" என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டை சப்பிப் போய்க் கிடந்தது. உள்ளே காற்று போகாத டாங்க் இப்படித்தான் உறிஞ்சும். மூடியில் காற்றுக்கான திருகைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். மஞ்சளாக ஏதோ தெரிந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

சோப்பு.

டாங்க் ஒழுகினால் சோப்பை அப்பி அடைப்பது படகுக்காரர்களின் கைவைத்தியம். ஆனால் காற்று ஓட்டையை அடைத்தால் மோட்டார் கரையில் கிளம்பும். நடு ஏரியில் நிற்கும்.

முனை வளைந்து, பிடியில் சிவப்பு டேப் சுற்றிய தன் கம்பியை எடுத்தார். அவரே செய்துகொண்டது. உள்ளே குத்தினார்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவன் இழுக்கும் மூச்சு.

ஒரு டாங்க்குக்கு அவ்வளவு மூச்சு வேண்டாம். அது நிற்கவே இல்லை...

சட்டென்று கம்பியை விட்டார். அது ஓட்டையிலேயே நின்றது.

மோட்டார் ஓட ஆரம்பித்தது.

கயிற்றை யாரும் இழுக்கவில்லை.

வெளியே சீட்டிச் சத்தம். விசில் டீயோடு உள்ளே வந்தான். ஓடுகிற மோட்டாரைப் பார்த்ததும் சீட்டி நின்றது.

"காத்து ஓட்டையில சோப்பு வெச்சது யாரு?" என்று கேட்டார் மெக்கானிக்.

டீ தளும்பிக் கையில் கொட்டியது. அவனுக்குச் சுடவில்லை போல.

"அன்னைக்குக் காலையில வலை மேல எண்ணெய் சிந்துச்சுண்ணே. அதான் அடச்சேன். எடுத்துடணும்னுதான் இருந்தேன்... மறந்துட்டேன்."

"இத்தன நாளுமா மறந்த?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்றைக்குக் கரையில், 'நேத்துதான் சர்வீஸ் பண்ணி வந்துச்சு' என்று முதலில் சொன்ன குரல் இதே குரல்தான். பகையாளி செய்திருந்தால் தாங்கியிருப்பார். குடித்த டீ அத்தனையும் தொண்டைக்குத் திரும்பி வந்து கசந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றான் விசில்.

"டாங்க்கப் பாத்தேன்."

"எந்த டாங்க்கு?"

"நீ கொண்டாந்ததுதான்."

அவன் முகம் வெளுத்தது. "அது அன்னைக்கே முழுகிடுச்சேண்ணே. நான் மோட்டார மட்டும்தான் இறக்கினேன்."

இருவரும் திரும்பினார்கள்.

சுவரோரம் ஈரம் மட்டும் இருந்தது. குழாயின் நுனி வெறும் தரையில் கிடந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

நின்றது.

டொக்... டொக்...

இந்த முறை, விசிலின் முதுகுக்குப் பின்னால்.

அன்றைக்கே விசில் தங்கை வீட்டு வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். தனியாக நடக்கப் பயந்தான். மெக்கானிக்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். கோபம் ஆறவில்லை, ஆனாலும் நடுங்குகிறவனை இருட்டில் விட மனசு வரவில்லை என்றார் என்னிடம். தங்கை கதவைத் திறந்தாள். அண்ணன் பக்கம் திரும்பி, "உள்ள வாண்ணா" என்றாள். விசில் அப்புறம் சீட்டியடித்ததே இல்லை.

பட்டறை முழுக்கத் தேடியும் கம்பி கிடைக்கவில்லை. நாள் போகப்போக, எல்லாம் மனப்பிரமையோ என்று மெக்கானிக்கே நினைக்க ஆரம்பித்தார்.

கோடையில் ஏரி வற்றியது. நடு ஏரிச் சேற்றில் ஒரு சிவப்பு மூலை தெரிந்தது. தோண்டி எடுத்தவர்கள் பட்டறைக்குத் தூக்கி வந்தார்கள். அதே நசுங்கல். மேலெல்லாம் சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. மெக்கானிக் உளியால் மெதுவாக உடைத்து எடுத்தார். மூடி தெரிந்தது.

காற்று ஓட்டையில் ஒரு கம்பி செருகியிருந்தது.

பிடியில் சிவப்பு டேப்.