இருபத்து மூன்றில் நின்ற முள்

இன்ஸ்பெக்டர் இருந்தார். ஏட்டு இருந்தார், கையில் நோட்டும் பென்சிலும். கார் முதலாளி இருந்தார். ரெவின்யூ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி, பேஷ்கார் ஒருவர் இருந்தார். என்மேல் சாட்சி சொன்னவர். நெல் அளக்கிற ஒருவர் இருந்தார், எண்ணுவதற்கு. பிறகு நான், டிரைவர்.

கொட்டாரம் தாண்டி, இரண்டு பக்கமும் வயல். மைல் கல்லுக்குப் பக்கத்தில் கார் நின்றது. அதன் பின்சக்கரத்தில் ஒரு இடத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தது. அடுத்த மைல் கல் வரைக்கும் அந்தச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். என் லைசென்ஸ் இன்ஸ்பெக்டரின் சட்டைப் பைக்குள் இருந்தது. அது எனக்குத் திரும்பி வருமா வராதா என்பது அந்த எண்ணிக்கையில் இருந்தது.

நடந்தது இதுதான். நாகர்கோவிலிலிருந்து பேஷ்காரை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனேன். அவர் முன்சீட்டில்தான் உட்காருவார். ரோட்டைப் பார்க்க மாட்டார். மீட்டர் முள்ளையே பார்ப்பார். “பதினெட்டு”, “இருபது” என்று வாயால் சொல்லிக்கொண்டே வருவார். கொட்டாரம் கடைத்தெருவில் இருபது மைலுக்கு மேல் போகக்கூடாது என்று பலகை உண்டு. மயிலாடியிலிருந்து கல் ஏற்றி வந்த வண்டி ஒன்று எதிரே வந்தது. ஒரு காளை மிரண்டு குறுக்கே திரும்பியது. பிரேக்கைச் சவிட்டினேன். இருந்தும் மட்கார்டு அதன் முன்னங்காலில் பட்டது. காளை சாகவில்லை. நொண்டியது.

பேஷ்கார் இறங்கி நின்று, கூடிய கூட்டத்துக்கு முன்னால் சொன்னார்.

“முள்ளு இருபத்திமூணுல நிண்ணு. எனக்க ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். மனுசன் பொய் செல்லுவான். மெசினு செல்லுமா?”

நான் முள்ளைப் பார்த்து ஓட்டுகிறவன் இல்லை. எஞ்சின் சத்தம்தான் எனக்குக் கணக்கு. அதைச் சொன்னேன். சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் லைசென்ஸை வாங்கிக்கொண்டார். “இருபதுக்கு மேலேண்ணா ரத்து. உள்ளேண்ணா திருப்பித் தாறேன். காளைக்கு நஷ்டம் நீரு குடுக்கதா மொதலாளி குடுக்கதாங்கதும் அதுலதான் இருக்கு” என்றார்.

லைசென்ஸ் போனால் நான் மறுபடி கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போக வேண்டும். எங்கள் குடும்பம் கடற்கரைக் குடும்பம். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. கரை மறைந்தால் வாந்தி. அப்பாவின் தம்பிகள் அதை வைத்துப் பத்து வருடம் சிரித்தார்கள். கார் ஓட்டப் படித்த பிறகுதான் வாயை மூடினார்கள். செய்தி கேட்டு ஒரு சித்தப்பா வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். “ஏலே, வலை கெடக்கு, துடுப்பு கெடக்கு. கூடவே ஒரு சட்டியும் எடுத்து வச்சிருக்கேன், ஒனக்கு வாந்தி எடுக்க” என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். நின்றிருந்தால் அடித்திருப்பேன்.

மறுநாள் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரம் இரண்டும் எங்கள் வண்டிச் சக்கரம் இல்லை. வேறு ஏதோ பழைய காரிலிருந்து கழற்றியவை. விட்டம் குறைவு.

இரண்டு வாரத்துக்கு முன் என் மனைவியை நெய்யூர் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒன்பது நாள் கூட இருந்தேன். அந்த நாளில் முதலாளி சக்கரத்தை மாற்றியிருக்கிறார். திரும்பி வந்தபோது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து இருந்தது. எஞ்சினும் பழைய வேகத்துக்கு அதிகமாக அலறியது. முதலாளியிடம் கேட்டேன். “ஸ்பிரிங் இறங்கிப் போச்சுலே. ஓட்டு” என்றார். நம்பினேன். அது என் தப்பு.

பட்டறைக்காரரிடம் போனேன். காரோடு வந்த பழைய காகிதத்தை அவர் வாசித்துச் சொன்னார். மீட்டருக்கு மைல் தெரியாது. ரோடு தெரியாது. பின்சக்கரம் எத்தனை தரம் சுற்றுகிறது என்பது ஒன்றுதான் தெரியும். மைலுக்கு அறுநூற்று எழுபத்திரண்டு சுற்று என்று வைத்து அதைச் செய்திருக்கிறார்கள். சக்கரம் சின்னதானால் அதே மைலுக்கு அதிகம் சுற்றும். முள் கூடுதலாகக் காட்டும். டயர் தேய்ந்தாலும் அப்படித்தான். காற்று இறங்கினாலும், பாரம் ஏறி டயர் அமுங்கினாலும் கொஞ்சம் அப்படித்தான்.

பேஷ்கார் பொய் சொல்லவில்லை. முள் இருபத்து மூன்றில்தான் நின்றிருக்கும். பொய் சொன்னது மெசின். மெசினைப் பொய் சொல்ல வைத்தது முதலாளி. சக்கரத்தை மாற்றியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அவர் நியாயமான ஆள். முதலில் வாட்சை வைத்துப் பார்த்தார். முள்ளை இருபத்து மூன்றில் நிறுத்தி ஒரு மைல் ஓட்டச் சொன்னார். நிற்குமா? மீட்டருக்குப் போகிற கம்பி ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. உள்ளே கிரீஸ் காய்ந்திருந்தது. முள் இருபதுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் ஆடியது. மூன்று தடவை ஓடினோம். மூன்று கணக்கு வந்தது. மீட்டரில் மைல் எண்ணுகிற பகுதி எப்போதோ நின்றுபோனது. அதுவும் உதவாது. நாடா பிடித்துச் சக்கரத்தை அளக்கலாமே என்றார் ஏட்டு. பாரத்தில் டயர் அமுங்கும், சும்மா நிற்கிற சக்கரத்தை அளந்து பிரயோசனமில்லை என்றார் இன்ஸ்பெக்டர். அன்றைக்கு வண்டியில் இருந்த சாமான் பாரத்துக்கு மணல் சாக்கு ஏற்றினோம். பேஷ்கார் பழையபடி முன்சீட்டில். அப்படித்தான் அந்த மைல் கல்லுக்கு வந்தோம்.

எண்ண ஆள் வேண்டும். நடுவில் விடக்கூடாது. களத்தில் நின்ற நெல் அளவுகாரரைக் கூட்டி வந்தார்கள். நாள் முழுக்க அளந்தாலும் எண்ணிக்கை தப்பாதவர்.

“நெல்லுண்ணா கை அறியும். சக்கரத்த எப்பிடி எண்ணுகது?” என்றார்.

“சுண்ணாம்பு தரையில படும்போ ஒண்ணுண்ணு எண்ணும் வே” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அப்பம் நெல்லு மரக்கா கவுத்துகது மாதிரிதான். விடுங்க வண்டிய.”

முதல் கியரில் நடைவேகத்தில் விட்டேன். அளவுகாரர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி நடந்தார். ராகம் போட்டு எண்ணினார். ஏட்டு அவர் பக்கத்தில். அளவுகாரருக்கு அந்தப் பக்கம் முதலாளி. இன்ஸ்பெக்டர் சைக்கிளில். எஞ்சின் இரைச்சலில் எனக்கு எண்ணிக்கை கேட்கவில்லை. அவ்வப்போது “கோட்டை” என்று அவர் இழுப்பது மட்டும் கேட்டது. பேஷ்கார் வழக்கம்போல முள்ளைப் பார்த்தார். “மூணு” என்றார். பிறகு “ரெண்டு” என்றார். வெளியே தள்ளிவிடலாமா என்றிருந்தது.

அடுத்த மைல் கல்லில் நிறுத்தினேன். ஏட்டு நோட்டைப் பார்த்துச் சொன்னார். “எழுநூத்தி நாப்பது.”

இன்ஸ்பெக்டர் பென்சிலால் இருபத்து மூன்றை அறுநூற்று எழுபத்திரண்டால் பெருக்கி, எழுநூற்று நாற்பதால் வகுத்தார். இரண்டு தரம் போட்டார். என்னைப் பார்த்தார்.

“டயரு சின்னதுதான் வே. அதக் கழிச்சும் இருபத்தொண்ணு கிட்ட வருகு. இருபதுக்கு மேலதான் போயிருக்கீரு.”

“நான் சொன்னேம்லா?” என்றார் பேஷ்கார்.

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் வியர்வையே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

“ஏட்டையா, எப்பிடி எழுதினிய?” என்று கேட்டேன்.

ஏட்டு கொல்லம் பக்கத்துக்காரர். நோட்டைக் காட்டினார். வரிசையாகக் கோடுகள். “இவன் இருபது எண்ணிக் கழிஞ்ஞா கோட்டைன்னு விளிக்கும். அப்போ ஞான் ஒரு கோடு போடும். முப்பத்தேழு கோடு. இருபது வெச்சுப் பெருக்கினா எழுநூத்தி நாப்பது. எந்தா தப்பு?”

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எங்கள் வீட்டில் வயல் கிடையாது. எனக்கே தெரியும். நாஞ்சில் நாட்டில் நெல் அளக்கும்போது ஒரு கோட்டைக்கு இருபத்தொரு மரக்கால். அளவுகாரர் இருபது சொல்லிவிட்டு, இருபத்தொன்று என்று சொல்ல மாட்டார். இருபத்தொன்றாவது மரக்கால் கவிழும்போது “கோட்டை” என்பார். கோட்டை என்பது சும்மா போட்ட சத்தமில்லை. அதுவும் ஒரு சுற்று.

“ஓய், கோட்டைண்ணு சொல்லும்போ சுண்ணாம்பு தரையில பட்டுதா?” என்று அளவுகாரரைக் கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. “படாம சொல்லுவனா? கள்ள அளவு அளக்கவனாவே நான்? இருபது கழிஞ்சு ஒண்ணு கவுந்தாத்தான கோட்டை? ஏட்டுக்கு இது தெரியாதுண்ணு எனக்கு எப்பிடித் தெரியும்?”

ஏட்டுமேல் எனக்குக் கோபமில்லை. வெளியூர்க்காரர். இன்ஸ்பெக்டர் சைக்கிளில் முன்னே போனார், கேட்டிருக்க மாட்டார். பேஷ்காருக்கு முள்ளைத் தவிர உலகமில்லை. முதலாளிக்கு இருபது ஏக்கர் வயல். வருடம் இரண்டு தரம் கோட்டைக் கணக்கில் நெல் விற்கிறவர். பக்கத்திலேயே நடந்து வந்தார். ஒவ்வொரு கோட்டையும் கேட்டார். எழுநூற்று நாற்பது என்று ஏட்டு சொன்னபோது தப்பு என்று அவருக்குத் தெரியும். நான் கடலுக்குப் போனால் போகட்டும், காளை தன் தலையில் வராமல் இருந்தால் போதும் என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் துண்டை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் முப்பத்தேழை இருபத்தொன்றால் பெருக்கினார். பிறகு வகுத்தார். மெதுவாகத்தான் போட்டார். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இருபதுக்கு உள்ளதான்” என்றார். “கொஞ்சம்போல. ஆனா உள்ளதான்.”

பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். வாங்கி மடியில் செருகினேன்.

“முள்ளு இருபத்திமூணுலதான் நிண்ணு” என்றார் பேஷ்கார்.

“முள்ளு நிண்ணுது ஏமானே. வண்டி அதுல போகல்ல” என்றேன்.

முதலாளி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “மக்கா, நடந்தது நடந்து போச்சு. நாளைக்குக் காலம்பற வந்து வண்டிய எடு, கேட்டியா?”

சாவியை எடுத்து மட்கார்டின்மேல் வைத்தேன். அதற்குமேல் அவரிடம் நான் பேசியதில்லை. அவர் செத்தபோதும் போகவில்லை.

இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் பழைய எண்ணை வெட்டிப் புதிதாக எழுதச் சொன்னார். அதற்கு அடியில் கையெழுத்துப் போட முதலாளியைக் கூப்பிட்டார்.

“ஒப்புப் போடும் வே.”

“நான் எதுக்கு ஏமானே? எனக்கு என்ன தெரியும்?”

“நெல்லு விக்குத ஆளு. ஒமக்குக் கோட்டை தெரியாதா? எண்ணும்போ பக்கத்துலதான வந்தீரு? போடும்.”

பென்சிலை வாங்கிப் போட்டார். போட்டு முடிக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை. போட்டதை எல்லாருக்கும் கேட்க ஒரு தரம் வாசிக்கச் சொன்னேன். ஏட்டு வாசித்தார்.

எழுநூற்று எழுபத்தேழு.