கயெத்தான் ப்ளூர்ட் முடித்த கேம்

கயெத்தான் ப்ளூர்ட் எழுதும் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே அவருடைய புகைப்படம் வரும். புகைப்படத்துக்குக் கீழே ஒரு வரி வரும்: "முடிக்காமல் எழுதுவதில்லை." புகைப்படம் அவருக்குத் தலைமுடி இருந்த காலத்தில் எடுத்தது. வரி மட்டும் பழசாகவே இல்லை. தினமும் யாரிடமாவது அதைச் சொல்லிச் சொல்லித் துடைத்து வைத்திருந்தார்.

மாண்ட்ரியலில் வீடியோ கேம் தயாரிக்கும் கம்பெனிகள் தெருவுக்கு ஒன்று உண்டு. தயாரிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே குறை சொல்பவர்களும் குடியிருப்பது இந்த ஊரின் வசதி. எங்கள் இணையப் பத்திரிகை ஒரு பேகல் ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கயெத்தான் பிரெஞ்சில் எழுதுவார், மோட் என்கிற நான் ஆங்கிலத்தில் மாற்றுவேன். ஒரு கேமை "நேற்றைய சூப்" என்று எழுதுவார். எந்தச் சூப், சுடவைத்ததா, ஆறியதா என்று அவர் மேசைக்குப் போய் விசாரிப்பதும் என் வேலையில் சேர்த்தி.

அவர் வடக்கே ஆற்றோர ஊரான ரிமூஸ்கிக்காரர். அப்பா மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மகன் வீட்டுக்குள் நுழைந்து பூட்ஸைக் கழற்றும்போதே அவர் கேட்பாராம், "இன்னும் விளையாடிக்கிட்டுதான் இருக்கியா?" அதற்கு மகனிடம் ஒரே பதில்தான்: "விளையாடல, முடிக்கிறேன்." முடிப்பது இருந்தால்தான் அது உத்தியோகம். இல்லையென்றால், ஐம்பதை நெருங்கும் ஒரு மனிதர் கம்பளிக் காலுறையோடு சோபாவில் உட்கார்ந்து டிராகன் அடிக்கிறார், அவ்வளவுதான்.

இந்த வரியை வைத்து அவர் ஒருவனை வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறார். லொயிக் என்று ஒரு பையன் எங்களிடம் வேலை பார்த்தான். ஒரு விவசாய கேமில் கடைசிப் பனிக்காலத்தைப் பார்க்காமலே விமர்சனம் எழுதிவிட்டான். ஆசிரியர் குழுக் கூட்டத்தில் கயெத்தான் அவனிடம் சாதுவான குரலில், "கடைசியில அந்தப் பசு என்ன ஆச்சு, தம்பி?" என்று கேட்டார். லொயிக் விழித்தான். மறுவாரம் "வாசகனுக்குச் செய்த துரோகம்" என்று கயெத்தான் ஒரு கட்டுரை எழுதினார், அதற்கு மறுவாரம் லொயிக்கின் நாற்காலி காலியானது. இப்போது அவன் தன் வீட்டில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து கத்துகிறான். அந்தக் கத்தலைப் பார்ப்பவர்கள் எங்கள் வாசகர்களைவிடப் பல மடங்கு.

இப்படி இருக்கும்போதுதான் "இரும்பு இறகு" கேமின் இரண்டாம் பாகம் வந்தது.

முதல் பாகத்துக்குக் கயெத்தான் பத்துக்கு ஆறு போட்டிருந்தார். உலகமே அதைக் கொண்டாடியது. அந்த இறகை முதுகில் பச்சை குத்திக்கொண்டவர்கள் உண்டு. ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது திரும்பி, "நீங்கதானே அந்த ஆறு?" என்று கேட்பார்கள். இரண்டாம் பாகத்தில் தப்பு செய்ய அவருக்கு இடமில்லை.

கேம் வெளியாவதற்கு முன்பே விமர்சகர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். குறித்த நாள் காலை வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கயெத்தான் கதவைச் சாத்திக்கொண்டு, கடித்தால் கீச்சிடும் எங்கள் ஊர்ச் சீஸ் கட்டிகளைப் பையில் வைத்து மென்றபடி விளையாடினார். கதை இதுதான். சிறகு முளைத்த ஒரு பெண் எரிகிற ஏழு தேசங்களைக் கடந்து சாம்பல் ராஜாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறாள்: என் ஊரை ஏன் எரித்தாய்? வழியில் வருவோரையெல்லாம் வெட்டிச் சாய்த்து, கடைசியில் பனிப்பாலத்தில் அவனைக் கேட்கிறாள். ராஜா பதில் சொல்ல வாய் திறக்கிறான். திரை இருள்கிறது. தயாரித்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன.

கயெத்தான் பெயர்களைத் தாண்டிப்போகும் பட்டனை அழுத்தினார், கேமின் முகப்புத் திரை வந்தது. அவர் எப்போதும் செய்வதுதான். "பேருக்கு நான் மார்க் போடுறதில்ல" என்பார். பிறகு எழுந்து நின்று தனியாகக் கைதட்டினார். சத்தம் கேட்டு எங்கள் பத்திரிகை ஆசிரியை கிஸ்லேன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, மாரடைப்பா?"

"மாஸ்டர்பீஸ்," என்றார் கயெத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்று அவர் எழுதியதுபோல் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. மௌனத்தைப் பற்றி, பதில் கிடைக்காத கேள்விகளைப் பற்றி, ரிமூஸ்கியில் ஆற்றின் மேல் இறங்கும் மூடுபனியைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தார். "வாய் திறந்த ராஜாவைப் பேச விடாத துணிச்சல், இந்தக் கலை வயதுக்கு வந்துவிட்டதன் அடையாளம்" என்று ஒரு வரி. ஒன்பதரை மதிப்பெண்.

வெளியிட வேண்டிய நாளுக்கு முதல் நாள் மத்தியானம் அதை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். பெண்ணின் வாளுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று தெரியவில்லை. கேமிலேயே பார்க்கலாம் என்று, கயெத்தான் கடைசிச் சண்டைக்கு முன்னால் சேமித்து வைத்திருந்த இடத்தைத் திறந்து, தட்டுத்தடுமாறிச் சண்டையை முடித்தேன். ராஜா வாய் திறந்தான், இருட்டு, பெயர்கள்.

நான் பெயர்களைப் பார்ப்பேன். மொழிபெயர்த்தவர்களைக் கடைசியில்தான் போடுவார்கள். கதை எழுதியவர்கள், இறகு வரைந்தவர்கள், கணக்குப் பார்த்தவர்கள், மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் எல்லோரும் போன பிறகு நாங்கள். எங்களுக்கும் பிறகு, கேம் தயாரான வருடங்களில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகள். கடைசிக் குழந்தையின் பெயரும் மேலேறி மறைந்ததும் திரை வெளுத்தது.

சாம்பல் ராஜா இருமினான். "உட்கார், பெண்ணே," என்றான். "பதில் கொஞ்சம் நீளம்."

பேச ஆரம்பித்தான். பேச்சின் நடுவே வரைபடம் விரிந்தது. நாம் கடந்து வந்த ஏழு தேசங்கள் அதன் இடது பாதியில் அடங்கிக் கிடந்தன.

கயெத்தானைக் கூப்பிட்டேன்.

"வாள் பேரு கிடைச்சுதா, மோட்?"

"கிடைச்சுது. ராஜாவும் கிடைச்சாரு."

வந்து பார்த்தார். சீஸ் பையில் விட்ட கை வெளியே வரவில்லை. "இது என்ன?"

"பேரெல்லாம் ஓடினதுக்கு அப்புறம் வருது."

"எவ்வளவு வருது?"

"மேப்பைப் பார்த்தா, நீங்க விளையாடினது பாதி."

அவர் முதலில் செய்தது, டிவியின் சத்தத்தைக் குறைத்தது. அடுத்து, "கிஸ்லேன் எங்க?" என்று கேட்டார்.

"கீழ சாப்பிடப் போயிருக்காங்க. கயெத்தான், இன்னும் நேரமிருக்கு. இதுவரைக்கும் விளையாடினதை வச்சு எழுதினேன், மிச்சம் அப்புறம்னு ஒரு வரி சேத்துடுங்க."

பிப்ரவரி மாதப் பனியில் சட்டையில்லாமல் செயின்ட் லாரன் வீதியில் நடக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "அந்த ஒரு வரிய எழுதினா நான் லொயிக். புரியுதா? நான் லொயிக்!"

திரையில் ராஜா ஒரு கோட்டையின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கா?" என்றார் மெதுவாக.

"எது?"

"அவன் சொல்ற பதில்."

"நடுவுல டீ போடப் போனேன். வந்தப்பவும் பேசிக்கிட்டுதான் இருந்தாரு."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப நான் எழுதினது சரிதானே! அவனைப் பேச விடக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கேன்?"

"பேச விடலன்னு எழுதியிருக்கீங்க."

"அதை ஆங்கிலத்துல நீ கொஞ்சம் பாத்துக்கோ."

நான் பார்த்துக்கொள்ளவில்லை. இருந்ததை இருந்தபடியே மாற்றி அனுப்பினேன்.

மறுநாள் காலை எல்லா விமர்சனங்களும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. "முதல் பாதி இறகு, இரண்டாம் பாதி இரும்பு" என்றது ஒன்று. "ராஜாவின் வாயை மூட ஒரு பட்டன் கொடுத்திருக்கலாம்" என்றது இன்னொன்று. ராஜா பேசிக்கொண்டிருக்கும்போது தன் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். ஐந்தும் ஆறுமாகக் கிடந்த அந்தக் குவியலுக்கு நடுவில் எங்கள் ஒன்பதரை கல்யாண வீட்டு விளக்குபோலப் பளபளத்தது. அதற்குக் கீழே வாசகர்கள் வரிசை கட்டினார்கள். "பெரியவரே, எந்த கேமை விளையாடினீங்க?" "ராஜா இவர்கிட்ட மட்டும் பேசலையாம், அந்த ஆறு மார்க்கை இன்னும் மறக்கலபோல."

லொயிக் அன்றே கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். "அந்த ஆளு முடிக்கவே இல்ல மக்களே! என் பசு மேல சத்தியம்!"

கிஸ்லேனுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் பக்கத்தை இத்தனை பேர் பார்த்ததேயில்லை. "ரெண்டு பேரும் மேடையில மோதுங்க, நேரலையில போடலாம்," என்று தெருமுனை பீர் கடையின் மேடையைச் சனிக்கிழமைக்குப் பிடித்துவிட்டார்.

அதற்குள் மிச்சத்தை விளையாடிவிடலாமே என்று தோன்றும். முடியாது. கேம் வெளியான பிறகு விளையாட உட்கார்ந்தால், கயெத்தான் எந்த கேமில் எந்த அத்தியாயத்தில் இருக்கிறார் என்பது, இணையத்தில் அவரைத் தொடரும் எல்லோருடைய திரையிலும் தெரியும். அதை மறைக்க ஒரு வழி இருந்தது. யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்டால், ஏன் என்பார்கள். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்த வாரம் முழுக்க அவர் என் மேசைப் பக்கமே திரும்பவில்லை.

சனிக்கிழமை கடை நிறைந்திருந்தது. லொயிக் மைக்கை வாங்கியதும் சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பழைய சாதுவான குரலை அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

"ஒரே ஒரு கேள்வி, பெரியவரே. கடைசியில ராஜா அந்த ஊரை எதுக்கு எரிச்சாராம்?"

கயெத்தான் பீரை ஒரு வாய் குடித்தார். கண்ணாடித் தம்ளர் மேசையில் மோதி ஆடியது. இத்தனை வருடத்துப் பெயர் அந்தத் தம்ளரோடு சேர்ந்து ஆடுவது எனக்குத் தெரிந்தது.

"கொலைகாரன் காரணம் சொன்னா, நான் உக்காந்து கேக்கணுமா?" என்றார்.

யாரோ கைதட்டினார்கள்.

"கேட்டீங்களா, கேக்கலையா? அதச் சொல்லுங்க!"

கயெத்தான் வேர்த்துப்போயிருந்தார். பொய் தேடியிருப்பார் என்று நினைக்கிறேன். கிடைக்காமல், உண்மையைச் சொல்லிவிட்டார். "பேர் ஓட ஆரம்பிச்சதும் எனக்கு முடிஞ்சுபோச்சு, லொயிக். எந்திரிச்சுட்டேன்."

கடை அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் நாற்காலி மேல் ஏறி, "நானும் இனிமே அங்கயே நிறுத்துவேன்!" என்று கத்தினாள். முழு ஒப்புதல் வாக்குமூலம் ஒன்று அத்தனை பேர் முன்னால் கிடந்தது, அதை எல்லோரும் கொள்கை என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அய்யோ, அதைத்தாங்க நானும் சொல்றேன்! அவரு முடிக்கல!" என்றான் லொயிக்.

"புரியாதவனே, உட்காரு!" என்றது கூட்டம்.

லொயிக் மறுபடி வாய் திறந்தான். யாரும் அவனைப் பேச விடவில்லை.

வாசலில் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு நின்ற லொயிக் என்னைப் பிடித்தான். "மோட், நீயாவது சொல்லு. அவரு வேணும்னேதான் நிறுத்தினாரா?"

"மேடையில அவரு சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"அது அப்படியே உண்மை."

அவன் பூட்ஸால் பனியை உதைத்தான். "நானும் அன்னைக்குப் பனிக்காலத்துக்கு முன்னாடி எந்திரிச்சுட்டேன்னு சொல்லியிருக்கணும். பசு பசுன்னு முழிச்சேன் பாரு," என்று சொல்லிவிட்டு மெட்ரோ பக்கம் நடந்தான்.

திங்கட்கிழமை, புகைப்படத்துக்குக் கீழே கிஸ்லேன் வரியை மாற்றினார்: "எங்கே நிறுத்துவதென்று தெரிந்தவர்." "பெயர் ஓடியது, எழுந்துவிட்டேன்" என்று அச்சடித்த பனியன் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகப் பையன்கள் திரிந்தார்கள். கயெத்தான் இரண்டு கூட்டங்களில் பேசினார். இரண்டிலும் பாதியில் இறங்கிவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

ஈஸ்டருக்கு ரிமூஸ்கி போய்வந்தவர், வந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"ராஜா முடிச்சுட்டாரு, மோட்."

அப்பா வீட்டில் இணையம் கிடையாது. யார் திரையிலும் தெரியாமல் அங்கே உட்கார்ந்து மிச்சத்தை விளையாடியிருக்கிறார். அப்பாவும் சாய்வு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாராம்.

"அவனுக்கு எந்த ஊருன்னே ஞாபகமில்ல. அதான் பதில். அவ்வளவு ஊரை எரிச்சிருக்கான். அவ ஊரைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு ஊரா சொல்லிப் பாக்குறான், இதுவா, இதுவான்னு. அதான் அவ்வளவு நீளம். கடைசிவரைக்கும் கிடைக்கல. எங்க அப்பா தூங்கவேயில்ல, மோட். 'பாவம்டா, அந்தப் பொண்ணு'ன்னாரு. கேமே அதுலதான் இருக்கு. ஊர்ல ஒருத்தனுக்கும் புரியல. பத்துக்குப் பத்து."

"எழுதுங்களேன்."

சுவரில் கிஸ்லேன் மாட்டிவைத்திருந்த பனியனைப் பார்த்தார். "எப்படி எழுதுறது? நான்தான் எந்திரிச்சுட்டேனே."

கிளம்பியவர் திரும்பினார். "இந்தத் தடவை பேரு ஓடினப்போ பட்டனைத் தொடல. முழுசா பாத்தேன்."

"அப்புறம் ஏதாவது வந்துதா?"

"ஒண்ணும் வரல. வெறும் பேருதான்."

இப்போதெல்லாம் அவர் ஒவ்வொரு கேமையும் முடிக்கிறார். அப்பா வீட்டுக்கு எடுத்துப்போய், கடைசிக் குழந்தையின் பெயர் வரை பார்த்துவிட்டு வருகிறார். வந்து, நான்காம் அத்தியாயத்திலேயே எழுந்துவிட்டேன், மிச்சத்தைப் பார்க்க மறுத்துவிட்டேன் என்று கம்பீரமாக எழுதுகிறார். இருந்ததை இருந்தபடியே நான் மாற்றி அனுப்புகிறேன்.