கிடங்கு, ஏரி, நடுவில் ஒரு டிரைவர்

என் வீட்டுக்காரருக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. ஆனால் வாய்த்ததோ உட்கார்ந்தே செய்கிற வேலை. சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்குக் கார் ஓட்டுகிறார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பொம்மை மாதிரி இருப்பார். வீட்டுக்குள் நுழைந்தால் காலில் சக்கரம். குழாயை இறுக்குவார், இறுக்கிய குழாயைத் திறந்து பார்ப்பார். பேச்சு மட்டும் கிடையாது. அவர் வாயிலிருந்து ஒரு சேதியைப் பிடுங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

அவருடைய மேடம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஏரியில் சாயக் கழிவை விட்டவர்களைச் சபையில் நார் நாராகக் கிழித்தவர். ஏரிக்கரையில் இருக்கும் வெடிமருந்துக் கிடங்குக்குக் காவல் போதாது என்று சண்டை போட்டுப் புது வேலி கொண்டுவந்தவரும் அவர்தான். அதனால் இந்த வருஷம் சபையின் இரண்டு குழுக்களில் அவரைப் போட்டார்கள். சுற்றுச்சூழல் குழு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூடும். பாதுகாப்புக் குழு மூடிய கதவுக்குள். அங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் உள்ளே உட்கார வேண்டும். மேடத்தின் போன்கள்கூட வெளியே இவர் மடியில்தான் கிடக்கும்.

முதல் குழு முடிந்து வந்தால் மேடம் வீடு வரைக்கும் பொரிந்து தள்ளுவாராம். இரண்டாவது முடிந்து வந்தால் பேச்சே இருக்காது. இவரும் கேட்க மாட்டார்.

ஒரு நாள் பாதுகாப்புக் குழு கிடங்கைப் பார்க்கப் போனது. திரும்பும்போது மேடம் ஏரிக்கரையில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஏறிய பிறகு கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் இருக்கிறது. அந்தக் கரையில்தான் எங்கள் மகள் குடியிருக்கிறாள், கைக்குழந்தையோடு. அந்தத் தெரு முழுக்கக் குழாயில் வருவது ஏரித் தண்ணீர்தான்.

அடுத்த வாரமே சுற்றுச்சூழல் குழுவில் மேடம் கிடங்கின் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டார். இது பாதுகாப்பு விஷயம், இங்கே பேசக் கூடாது என்று தலைவர் வாயை அடைத்தார். வேறு மாதிரி கேட்டார், அதற்கும் அதே பதில். செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்திருந்தது.

"மேடத்துகிட்டயே கேட்டுத் தொலைங்களேன்," என்றேன்.

"கேட்டா அவங்க ஒண்ணு பொய் சொல்லணும், இல்ல சத்தியத்த மீறணும். நான் எப்படிக் கேக்கறது?"

"உங்க பேத்தி என்ன பாவம் பண்ணுச்சு?"

இவர் எழுந்து போனார். சரியாக இருந்த குழாயைக் கழற்றி மாட்டினார். பிறகு மகளுக்கு போன் போட்டு, கொஞ்ச நாள் இங்கே வந்து இரு என்றார். "ஏன்ப்பா?" என்றாள் அவள். இவர் மென்று முழுங்கினார். காரணம் இல்லாமல் எப்படி வருவாள்? வரவில்லை. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

கிடங்கின் வேலியை மகளின் தெருப்பக்கம் இன்னும் நகர்த்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்க மேடம் நேரிலேயே வந்தார். நானும் மகள் வீட்டில் இருந்தேன். அவள் வாசலில் நாற்காலி போட்டார்கள். கூட்டம் கூடிவிட்டது. காவல் விளக்கு கண்ணைக் கூசுகிறது, காவலர்கள் விசாரித்தே கொல்கிறார்கள் என்று ஆளாளுக்குக் கொட்டினார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. வெயிலில் பதில் சொல்லிச் சொல்லி மேடத்தின் தொண்டை கட்டிக்கொண்டது.

"அண்ணே, என் தண்ணி பாட்டில எடுத்துட்டு வாங்க," என்றார்.

இவர் காருக்குப் போகவில்லை. நேராக மகளின் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தார். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு கட்டிவிட்டார், பாவி மனுஷர். கொண்டுபோய் மேடத்திடம் நீட்டினார்.

மேடம் வாங்கினார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மகளின் இடுப்பில் பால் பாட்டிலோடு இருந்த குழந்தையைப் பார்த்தார்.

"கொழந்தைக்கும் இந்தத் தண்ணிதானா?"

"ஆமா மேடம். எல்லாருக்கும் இதுதான்," என்றாள் மகள்.

மேடம் டம்ளரைத் தரையில் வைத்தார். ஒரு சொட்டும் குறையவில்லை. மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் குழந்தையின் வாயிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள், அது வீறிட்டது.

கூட்டம் அந்த டம்ளரையே பார்த்தது. எனக்கோ தலையிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பேத்தி தப்பித்தாள், வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுக்காரி முன்னால் வந்தாள். வயிறு தள்ளிக்கொண்டிருந்தது, ஏழோ எட்டோ மாசம். மேடத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அண்ணே, உங்க பொண்ண வந்து இருக்கச் சொல்லி போன் பண்ணீங்களாமே. அப்பவே தெரியுமா?"

"தெரியாதும்மா," என்றார் இவர். "பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

"அந்தப் பயத்த எங்கிட்டயும் சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றாள் அவள்.