'ஏறலாம்' என்று சொல்கிறவன்

பயந்தாங்கொள்ளி என்று அவனுக்குப் பெயர் வைத்தது மனைவியின் அண்ணன்தான். பெயர் ஒன்றும் பொய்யில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற ஆள் அவன். மனைவி அணைத்த அடுப்பை இவன் ஒருமுறை அணைப்பான். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் கைப்பிடிச் சுவர்ப் பக்கமே போக மாட்டான். அப்பேர்ப்பட்டவனைத்தான் உயரமான கட்டடங்களின் வெளிக்கண்ணாடி துடைக்கும் வேலைக்கு மச்சான் இழுத்துக்கொண்டு போனார். வேறு வேலை அமையவில்லை. வயிறு கேட்குமா?

கூரையிலிருந்து கம்பி வடங்களில் தொங்கும் இரும்பு மேடையை அவர்கள் தொட்டில் என்பார்கள். தாலாட்டுப் பாட ஆள் இல்லாத தொட்டில். முதல் நாள் அதில் நின்று பத்தடி இறங்குவதற்குள் அவனுக்கு நாக்கு வறண்டு, கைகள் கம்பியோடு ஒட்டிக்கொண்டன. மேலே ஏற்றி, விரல் விரலாகப் பிரித்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். கூரைத் தரையில் குப்புறப் படுத்து நடுங்கினான். மச்சானுக்கு மானம் போயிற்று.

குழுவின் தலைவியை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கீழ தொங்கினப்போ கண்ண மூடிக்கிட்டியா தம்பி?"

"மூட முடியலக்கா. எல்லாம் கண்ணுல பட்டுச்சு. இடது பக்கக் கொக்கியில ஒரு திருகு பாதி கழண்டிருக்கு. மச்சானோட இடுப்பு வார்ல தையல் விட்டிருக்கு."

அக்கா போய்ப் பார்த்தார். இரண்டும் உண்மை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று மச்சான் சிரித்தார்.

"எனக்குப் பேயப் பார்க்கிற ஆள்தான் வேணும். நீங்க யாரும் பார்க்க மாட்டேங்கறீங்களே," என்றார் அக்கா.

அன்றிலிருந்து அவனுக்குக் கூரையில்தான் வேலை. வடம், கயிறு, கொக்கி, வார் எல்லாவற்றையும் தடவிப் பார்த்து அவன் 'ஏறலாம்' என்று சொல்லாமல் தொட்டிலில் யாரும் கால் வைக்கக் கூடாது. அக்காவும்தான்.

அக்காவின் கணக்கே தனி. மற்ற இடங்களில் எந்தக் குணத்துக்காக ஒருவனைத் துரத்துவார்களோ, அதைத்தான் இவர் பிடித்துக்கொள்வார். குழுவில் ரேடியோ என்று ஒருவன் இருந்தான். வாய் ஓயாது. இரண்டு கம்பெனிகள் காது வலி தாங்காமல் அவனை அனுப்பிவிட்டன. அக்கா அவனைத் தொட்டிலில் மச்சானோடு நிற்க வைத்து, "நிறுத்தாம பேசிக்கிட்டே இரு" என்றார். அவன் குரல் மேலே வருகிறவரை கீழே எல்லாம் சரி என்று பொருள். குரல் நின்றால் கூரையில் இருப்பவன் உடனே தொட்டிலை இறக்கும் மோட்டாரின் சுவிட்சை அணைக்க வேண்டும். எட்டிப் பார்க்கப் பயப்படுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? பகல் முழுக்க ரேடியோவின் மாமியார் கதைகளைக் கேட்டபடி வடத்தின் அருகே உட்கார்ந்திருப்பான். பயம் மட்டும் ஒரு நாளும் குறையவில்லை. "எங்க அண்ணன் கீழ தொங்குறப்போ நீங்கதான் மேல இருக்கீங்க, ஞாபகம் வெச்சுக்கோங்க," என்று மனைவி வேறு தினமும் சொல்லி அனுப்புவாள்.

ஒருநாள் காலை, வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கட்டட மேலாளர் கூரைக் கதவருகே நின்று கத்தினார்.

"மழைக்கு முன்னாடி முடிக்கலன்னா இனிமே இந்தப் பக்கமே வராதீங்க!"

அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். திருகுகள் இறுக்கம். வடம் சுத்தம். மச்சான், ரேடியோ இருவரின் பாதுகாப்புக் கயிறுகளும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. இருந்தும் 'ஏறலாம்' என்ற சொல் தொண்டையைத் தாண்டவில்லை. தினமும் பயப்படுகிறவனுக்கு இன்றைய பயம் வேறு என்று எப்படித் தெரியும்? யாரிடம் சொல்வான்?

"மாப்பிள்ள, விளையாடாதீங்க." மச்சான் ஒரு காலைத் தொட்டிலுக்குள் வைத்துவிட்டார். "என்ன கோளாறு? கையை வெச்சுக் காட்டுங்க."

"தெரியல மச்சான். ஏறாதீங்க."

"தெரியலயாம்! பார்த்தீங்களாக்கா?"

அக்கா வானத்தைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். மச்சான் இறங்கினால் திரும்பி வர மாட்டார் என்று அவனுக்குத் தோன்றியது. மனைவியிடம் போய் என்ன சொல்வது என்பதுவரை மனம் ஓடிவிட்டது.

அப்போதுதான் அந்த அமைதி அவனுக்கு உறைத்தது. இவ்வளவு கூத்து நடந்தும் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது மட்டுமா? காலையில் வந்ததிலிருந்தே பேசவில்லை.

"நீ ஏன் பேசல?" என்று அவனிடம் கேட்டான். குரல் கீச்சென்று வந்தது.

ரேடியோவின் முகம் வெளுத்தது. அக்கா அருகில் போய் அவன் தோளில் கை வைத்தார். "திட்ட மாட்டேன். சொல்லு."

"நேத்து சாயங்காலம்... சிமென்ட் கறை எடுக்கிற ஆசிட் கொட்டிடுச்சுக்கா. மச்சானோட கயித்து மேல. கழுவிக் காய வெச்சேன். கறையே தெரியல. அதான் ஒண்ணும் ஆகாதுன்னு... வேலைய விட்டு அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. தொட்டிலிலிருந்து காலை எடுத்து, அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, சுவரில் ஒரு காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தார். கயிறு அறுந்தது. மச்சான் மல்லாக்கத் தரையில் விழுந்தார். கையில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டு கிடந்தார், எழுந்திருக்கவில்லை.

அக்கா மேலாளரிடம் போய், "இன்னிக்கு வேலை இல்ல," என்றார். அவர் என்னவோ கத்திவிட்டுப் போனார். மழையும் வந்தது.

தண்ணீர்த் தொட்டியின் மறைவில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். அவன் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் கையில் அது தளும்பி மடியில் கொட்டியது.

"'ஏறுங்க'ன்னு சொல்ல வாய்வரைக்கும் வந்துடுச்சு தம்பி."

"உங்களுக்கும் பயமாக்கா?"

"தினமும். நான் நடுங்குறதப் பார்த்தா இவங்கள்ல ஒருத்தனும் நிக்க மாட்டான். அதான் எனக்கும் சேர்த்துப் பயப்பட உன்ன வெச்சிருக்கேன்."

அவனுக்கு அழுகை வந்தது. ரேடியோவை அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டான்.

"அவன் வாய் மூடினா ஆபத்துன்னு இன்னிக்குக் கண்ணாலயே பார்த்தோமே. அவன எப்படி அனுப்புறது?"

மறுநாள் புதுக் கயிறு வந்தது. ரேடியோ விசும்பியபடியே மாமியார் கதையை ஆரம்பித்தான். பயந்தாங்கொள்ளி கயிற்றை நுனியிலிருந்து நுனிவரை தடவினான். மச்சான் தொட்டிலுக்கு வெளியே, இரண்டு காலும் தரையில் இருக்க நின்றார்.

"மாப்பிள்ள, ஏறலாமா?"

"இன்னொரு தடவ பார்த்துடறேன் மச்சான்."

மச்சான் காத்துக்கொண்டு நின்றார்.