சபைக்கு முதலில் தெரிந்தது

தனக்குப் புற்றுநோய் என்பதை ஜெபசீலி ஒரு ஜெபத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

பெங்களூரில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய சமயம் அது. வயிற்றில் சாதாரணக் கட்டி, எடுத்தாகிவிட்டது என்று கணவர் அருள்ஜோசப் சொல்லியிருந்தார். டாக்டர்களிடம் பேசியதெல்லாம் அவர்தான். அவள் நம்பினாள். தெற்கே நாசரேத்திலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்த நாள் முதல் அவர் அவளிடம் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் வீட்டுக்குப் புதன்கிழமை சபைப் பெண்கள் வந்தார்கள். பாய் விரித்து உட்கார்ந்தார்கள். டெல்சி அக்கா ஜெபத்தை நடத்தினாள். தொடங்கினால் அவள் ஜெபத்தில் ஊர் உலகமெல்லாம் வரும். அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"தகப்பனே, எங்க சகோதரி உடம்புல இருக்கிற இந்தக் கேன்சரை வேரோட பிடுங்கிப் போடும் ஆண்டவரே!"

"ஆமென்," என்றார்கள் எல்லோரும்.

ஜெபசீலி கண்ணைத் திறந்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். கதவோரம் நின்ற அருள்ஜோசப் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர்களுக்கு அவளே டீ போட்டுக் கொடுத்தாள். கடைசி ஆள் செருப்பு மாட்டிப் போனதும் கதவைச் சாத்தினாள்.

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"சீலி, நீ பயந்துருவன்னுதான்..."

"எத்தன பேருக்குன்னு கேட்டேன்."

"நம்ம சபை ஐயருக்குச் சொன்னேன். அவரு சபைல ஜெபக் குறிப்பா வாசிச்சாரு. உன்கிட்ட நான் சொல்லிட்டேன்னு நெனச்சுட்டாங்க."

அவள் சிப்காட்டில் ஒரு பல்சக்கரக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவள். சக்கரத்தில் கீறல் தெரிந்தால் சூப்பர்வைசருக்கும் முன்னால் மிஷினில் நிற்பவரிடம் காட்ட வேண்டும். அங்கே அதுதான் முறை.

"கம்பெனில ஒரு கியர் ரிஜெக்ட் ஆனாக்கூட அத ஓட்டினவன்கிட்டதாங்க மொதல்ல சொல்லுவோம். இது என் வயிறு. மூணாவது தெருக்காரிக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல."

"உன் மொகத்தப் பார்த்துச் சொல்ல முடியல."

"ஐயரு மொகத்தப் பார்த்து முடிஞ்சுதாக்கும்?"

அவர் அழுதார். அவள் டம்ளர்களைக் கழுவப் போனாள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கு ஒன்றாகத்தான் போனார்கள். டாக்டர் அறைக்குள் மட்டும் அவள் தனியாகப் போனாள். கீமோ சில சுற்று முடிந்து எடுத்த ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். நோய் கல்லீரலுக்கும் போயிருந்தது.

வெளியே பெஞ்சில் அருள்ஜோசப் எழுந்து நின்றார். அவள் அவரைத் தாண்டி நடந்தாள். ஓசூர் பஸ்ஸில் இடம் கிடைத்தது. தனக்கு அவர் செய்ததை அவருக்குத் திருப்பிச் செய்யலாமா என்று யோசித்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும், நம்பிவிடுவார். மனது வரவில்லை. மாநில எல்லையில் அத்திப்பள்ளி வருமுன் சொல்லிவிட்டாள்.

"கல்லீரல்லயும் இருக்காம். இனி வேற மருந்து குடுத்துப் பார்ப்பாங்களாம்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத இப்பம் நம்ம ரெண்டு பேருக்குள்ள மட்டும் வச்சுக்கிடுவோம். நானே சொல்லுதேன் எல்லாருக்கும். எனக்குக் கொஞ்சம் நாள் வேணும். சரியா?"

"சரி சீலி. சத்தியமா."

சோதனைச்சாவடிப் பக்கம் பஸ் நெரிசலில் நின்றது. களைப்பில் அவள் கண்ணயர்ந்தாள். விழித்தபோது அவர் கை அவள் கையில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, போனை மார்போடு ஒட்டிவைத்து ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். சபை வாட்ஸ்அப் குழுவின் பெயர் மேலே தெரிந்தது. 'கல்லீரல்' என்ற வார்த்தையும் தெரிந்தது.

"அனுப்பிட்டீங்களா?"

அவர் திடுக்கிட்டார். "என்னால இத தாங்க முடியல சீலி. ஜெபிக்கட்டும்னுதான்..."

போன் அடித்தது. டெல்சி அக்கா.

அவர் எடுக்காமல் அவளையே பார்த்தார்.

"எடுங்க," என்றாள் ஜெபசீலி. "அவகிட்டயாவது பேசுங்க."

அவர் எடுத்தார்.