பூட்டிய கடைக்கும் தண்ணீர்

ராயபுரம் டிராம் நிறுத்தத்தை ஒட்டிய கடைத்தெருவில் பூவம்மா வாசல் தெளிக்காமல் ஒரு கடையும் திறக்காது. விடிந்ததும் குழாயடியில் குடத்தை நிரப்பிக்கொண்டு வருவாள். ஏழு கடைகள், ஏழு வாசல்கள். முதலாளிமார் எல்லாரும் தெற்கேயிருந்து வந்து வியாபாரம் பிடித்தவர்கள். உலர்ந்த வாசலில் பூட்டைத் திறந்தால் அன்றைய வியாபாரம் விளங்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பேச்சு வந்தது. துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்க யாருக்குத் துணிவு வரும்? ஒரே வாரத்தில் தெரு காலியானது. ரயிலேறப் போனவர்கள் ஒவ்வொருவராகச் சாவியைப் பூவம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவர் தெருக்கோடிக் கயிற்றுக்கடை ஆறுமுகநயினார்.

"நீ போகலியா பூவம்மா?"

"நான் எங்க போறது நைனா? எனக்கு இன்னா ஊரா கீது? குண்டு வந்தா குடத்த தலைல கவுத்துகினு குந்திக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். "நான் வாரது வரைக்கும் வாசல் காயாமப் பாத்துக்கோ."

பார்த்துக்கொண்டாள். ஆளில்லாத தெருவில் ஏழு வாசலும் நாள்தோறும் நனைந்தன. ஈரத்தைக் கண்ட திருடன், கடைக்கு ஆள் வந்து போகிறது என்று நகர்ந்துவிடுவான். பக்கத்துத் தெருவில் நாலு பூட்டு உடைந்தது. இங்கே ஒன்றுகூட இல்லை.

பயம் தணிந்ததும் ஆறு பேர் திரும்பினார்கள். ஆறுமுகநயினார் வரவில்லை. பூவம்மா அவர் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமைதோறும் பூட்டுக்கு எண்ணெய் விட்டாள்.

சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது. தெருவும் ஆள் மாறிப்போனது. அரிசி மண்டி சைக்கிள் கடையானது, விறகுக்கடை ரேடியோக் கடையானது. புதிதாக வந்தவர்கள் வாசலுக்கு சிமெண்டு பூசி, தண்ணீர் வேண்டாம் என்றார்கள். ஐம்பத்துமூன்றில் டிராமும் நின்றது. பாரிமுனைக்குப் போகும் பஸ் கயிற்றுக்கடை வாசலில் நிற்கத் தொடங்கியது. அதுவரை தெருவின் வாலாக இருந்த கடை அன்றோடு தலையாகிவிட்டது.

அன்று திரும்பி வந்த ஆறு பேரில் ஒருவரான பக்கத்துப் பாத்திரக்கடை வெள்ளத்துரைக்கு அதன்மேல் கண் விழுந்தது.

"பதினோரு வருசமாச்சு. நயினார் இருக்காரோ, இல்லியோ. சாவியக் குடு, நான் கடையப் போட்டுக்கிடுதேன்."

"அன்னிக்கு உங்க சாவிய நான் எவன்கிட்டயாவது குடுத்திருந்தா, நீங்க இப்ப எங்க மொதலாளி குந்தியிருப்பீங்க?"

வெள்ளத்துரைக்கு முகம் சுண்டியது. தை பிறந்ததும் பூட்டை உடைப்பேன் என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

என்ன பதில் வருமோ என்ற பயத்தில்தான் பூவம்மா இத்தனை நாள் கடிதம் போடாமல் இருந்தாள். இனி வழியில்லை. மாதா கோவில் பள்ளிக்கூட டீச்சர் எல்சியிடம் போனாள். முழு விலாசம் தெரியாது. 'மெட்ராஸில் கயிற்றுக்கடை வைத்திருந்த ஆறுமுகநயினார் வீடு, விளாத்திகுளம்' என்று எல்சி எழுதினாள்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில் ஒரு பெண் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நயினாரின் மகள் முப்பிடாதி.

பூவம்மா சாவியைக் கொடுத்தாள். பூட்டு வழுக்கிக்கொண்டு திறந்தது. முப்பிடாதி கதவில் கை வைத்ததுதான் தாமதம், நிலையோடு சேர்ந்து உள்பக்கமாகச் சாய்ந்தது. பதினோரு வருடத் தண்ணீர் குடித்து மரத்தின் அடி முழுக்க இற்றுப்போயிருந்தது.

"அட! ஒரு உதை விட்டிருந்தாப் போதுமே!" என்றார் வெள்ளத்துரை.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். பூவம்மாவுக்குக் கண் நிறைந்தது. "நாந்தாம்மா கெடுத்துட்டேன். தெனிக்கும் ஊத்தி ஊத்தி..."

முப்பிடாதி மரத்தூளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அப்பா ஊருக்கு வந்த அடுத்த வருசமே காய்ச்சல்ல இறந்துட்டாவ. கடை எவன் கையிலயோ போயிருக்கும்னுதான் நாங்க வரல." தூளைத் தட்டிவிட்டாள். "கதவு போனாப் போட்டுக்கிடலாம். பொங்கலன்னிக்குத் தொறக்கேன். விடியக்காலம் வந்திருவியளாம்மா?"

பொங்கலன்று பூவம்மா குடத்தோடு வந்தபோது, புதுக் கதவை மறைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஒரு கூட்டம் நின்றது.

"நவுருங்கப்பா! கடை தொறக்கறாங்க, தண்ணி தெளிக்கணும்!"

ஒருவரும் நகரவில்லை. நின்றவர்களின் காலோடு சேர்த்துத் தெளித்தாள்.