லொறியில் ஏறி இறங்கிய மிளகாய்ச் செடிகள்

வேலையை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டதை எப்படிக் கண்டுகொள்வது என்று இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் புத்தி சொல்கிறார்கள். காலையில் எழும்பும்போது அலுப்பாக இருக்குமாம். மேலதிகாரியின் குரலைக் கேட்டால் வயிற்றைக் கலக்குமாம். மனசு உள்ளேயிருந்து கூப்பிடுமாம், அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். எனக்கு அலுப்பு இருக்கவில்லை. வயிறும் நன்றாகத்தான் இருந்தது. என் மனசோ, எப்போது நிரந்தரமாக்குவார்கள் என்பதைத் தவிர வேறெதையும் பேசிப் பழகாத மனசு. எனக்கு நேரம் வந்துவிட்டதைச் சொன்னது, பொலித்தீன் பையில் நின்ற ஒரு மிளகாய்ச் செடி.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ‘வெல்பெயார் மிஸ்’ ஆனேன். பண்டாரவளையில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து போய்ச் சேரும் தேயிலைத் தோட்டம் அது. பெயர் வேண்டாம், இன்னும் எனக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். நியமனக் கடிதத்தில் ‘நலன்புரி உத்தியோகத்தர்’ என்று போட்டிருந்தது. நான் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். கீழ் லயம். வரிசையாகப் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வெள்ளைக்காரன் காலத்துத் தகரக் கூரை ஒன்று. உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியதால் நான் அங்கிருந்து மேட்டுக்கு ஏறி, உத்தியோகத்தர் குவாட்டர்ஸில் ஓட்டுக் கூரைக்குக் கீழே படுக்கும் பாக்கியம் பெற்றேன்.

லயத்துச் சனங்களுக்குச் சுத்தமும் சத்துணவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வருகிற குழாயடியில் நின்றுகொண்டு, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கை கழுவுங்கள் என்று படம் காட்டிப் பேசினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி.

“ஏன்டி குட்டி, போன மாசம் வரைக்கும் நீயும் இதே கொழாயிலதானே கழுவுன? அப்ப இந்தப் படமெல்லாம் எங்க போச்சு?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவளை என்ன சொல்வது? என்னைவிட எட்டு வயது மூத்தவள். அவள் கொழுந்து பறித்துத்தான் நான் பண்டாரவளைக்குப் படிக்கப் போனேன். ஊரே மிஸ் என்று கூப்பிட்டாலும் அவளுக்கு நான் குட்டிதான்.

கை கழுவுவதெல்லாம் சும்மா. உண்மையான வேலை என்னவென்று இரண்டாவது மாதத்தில் தெரிந்துகொண்டேன். தோட்டத்துக்கு வெளியாட்கள் வருவார்கள். அவர்கள் இரண்டு வகை. முதல் வகை, தேயிலையை வாங்குவதற்கு முன்னால், தொழிலாளிகள் நன்றாக வாழ்கிறார்களா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள். இவர்களுக்கு நாங்கள் நன்றாக வாழ்ந்து காட்ட வேண்டும். இரண்டாவது வகை, கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவி செய்ய வருகிறவர்கள். இவர்களுக்கு நாங்கள் கஷ்டப்பட்டுக் காட்ட வேண்டும். இரண்டு வகைக்கும் லயம் ஒன்றுதான், சனங்களும் ஒன்றுதான். மாற்றிக் காட்டுவதற்கு நான் ஒருத்தி.

சான்றிதழ்க்காரர்கள் வருகிறார்கள் என்றால் பிள்ளைக்காம்பராவின் பின்னறையைத் திறப்போம். பகலில் அம்மாமார் குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் இடம் அது. பின்னறையில் பூப்போட்ட ஜன்னல் சீலைகள், பிளாஸ்டிக் ரோஜா, கால்மிதி எல்லாம் பூட்டி வைத்திருந்தோம். வெளியே ‘வீட்டுத் தோட்டம்’ நின்றது. நாற்பது பொலித்தீன் பைகளில் மிளகாய், கத்தரி, தக்காளி. லொறியில் ஏற்றி, வருகிறவர்கள் பார்க்கப்போகும் லயத்து வாசலில் இறக்கி அடுக்குவோம். பார்த்துவிட்டுப் போனதும் எண்ணித் திரும்ப ஏற்றுவோம். பையைக் கிழித்து மண்ணில் வைக்கக் கூடாது என்பது தோட்டத்து மானேஜர் துரையின் கட்டளை. அந்தச் செடிகள் என்னைவிட அதிகமாகத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்திருக்கின்றன.

உதவிக்காரர்கள் வந்தால் நேர்மாறு. சீலைகளைக் கழற்றி, பிள்ளைகளின் செருப்புகளை ஒளித்து, வீட்டு நடுவில் பாத்திரங்களைப் பரப்பி வைப்போம், கூரை ஒழுகுகிறதாம். ஒரு தடவை கடும் வெயிலில் காய்ந்த பேசின்களை வரிசையாக வைத்துவிட்டு நான் மும்முரமாக நின்றேன். கடைசி வீட்டுக் கிழவி கேட்டார், “மிஸ், இன்னைக்கு நம்ம வசதியானவங்களா, இல்லாதவங்களா? சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன சேல கட்டுவேன்.”

நானும் சிரித்தேன். வெட்கம் கெட்ட சிரிப்பு. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு வருஷமாக என்னை நிரந்தரமாக்குகிறேன், நிரந்தரமாக்குகிறேன் என்று துரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் ஒன்று கைக்கு வரட்டும், புத்தி பிறகு வரலாம் என்று இருந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் கீழ் லயத்துக் கூரை நிஜமாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊவா மலைப்பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் சின்ன மகளுக்கு அப்போது இரண்டு வயது, பிறந்ததிலிருந்தே இழுப்பு. ஈரம் பட்டால் அந்த நெஞ்சு பூனை மாதிரிக் கத்தும். எத்தனையோ தடவை பதுளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

“ஒன்னயப் படிக்க வச்சதுக்கு, ஒரு தகரம் வராதாடி?” என்று அக்கா கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கெஞ்சிக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து ஓர் உதவி அமைப்பு, ஒரு லயத்துக்கு முழுக் கூரை போட்டுத் தருவதாகச் சொன்னது. நேரில் வந்து பார்த்துத் தெரிவு செய்வார்களாம். கீழ் லயத்துக்காக விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். இழுப்பைப் பற்றியும் எழுதினேன். அக்காவிடம் போய், “இந்தத் தடவ வந்துரும்க்கா” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அவள் அன்றைக்கு எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

உதவிக்காரர்கள் அடுத்த கிழமை வருவதாகத்தான் கடிதம். இந்தக் கிழமை சான்றிதழ்க்காரர்கள். அப்படித்தான் என் கணக்கு. ஒருநாள் காலை, ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில் நிற்கும்போது ஆபீஸ் பியோன் வந்தார். “வெள்ளக்காரங்க வாறாங்களாம். மிஸ்ஸ ரெடி பண்ணச் சொன்னாரு தொர” என்றார். எந்த வெள்ளைக்காரர்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார் துரை. நிரந்தரமாகப் போகிறவள் கேள்வி கேட்கலாமா? விழுங்கிவிட்டேன்.

வழக்கமாகக் காட்டுகிற மேல் லயத்துக்குப் போகும் பாதையில் முதல்நாள் மழைக்கு மண் சரிந்து கிடந்தது, லொறி ஏறவில்லை. ரோட்டோரமாக இருந்தது கீழ் லயம் மட்டும்தான். நாற்பது பையையும் அங்கே இறக்கினேன். துருப்பிடித்த தகரம் தெரியாமல் அக்கா வீட்டுக்குள் ரோஸ் நிறச் சேலை ஒன்றை விதானம் மாதிரி நானே ஸ்டூலில் ஏறி நின்று கட்டினேன்.

அக்கா இடுப்பில் பிள்ளையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். “குட்டி, வாறது தகரம் குடுக்கிறவங்களா இருந்தா?”

“அவங்க அடுத்த கெழமைக்கா.”

“ஒருக்கா கேட்டுப் பாரேன்டி.”

“எனக்குத் தெரியும். நீ பேசாம இரு.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அக்காவின் காசில் வைத்தேன்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. துரையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள ஐயாவும். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. அந்தப் பெண் உள்ளே நுழைந்ததும் முதலில் மேலே பார்த்தார். ஒரு கிழமை முந்தியே வந்துவிட்ட உதவிக்காரர்கள் இவர்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சான்றிதழ்க்காரர்கள் மேலே பார்க்க மாட்டார்கள். அவர்கள் பார்ப்பது சுவரையும் கக்கூசையும்தான்.

எங்கே ஒழுகுகிறது என்று அந்தப் பெண் கேட்டார். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கேள்வி விளங்கிவிட்டது. விதானத்தைக் காட்டி, மூச்சுவிடாமல் சொன்னாள். “பூரா ஒழுகுதுங்க அம்மா. மழ பேஞ்சா விடிய விடிய புள்ளயத் தூக்கிக்கிட்டு அடுப்படியிலதான் உக்காந்திருக்கோம். இதுக்கு மூச்சு முட்டுதுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேண்டியவள் நான். துரையைப் பார்த்தேன். அவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது, முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவர் என்ன சொல்வார்? இது ஜோடனை என்று சொன்னால் போன வருஷத்துச் சான்றிதழும் ஜோடனை என்று ஆகிவிடும். கண்ணாலேயே என்னிடம் சொன்னார், சமாளி என்று.

நான் சமாளித்தேன். “மழைக்காலத்தில் கொஞ்சம் ஒழுகுமாம், சமாளித்துக்கொள்கிறார்களாம்” என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்தக் ‘கொஞ்சம்’ அக்கா சொன்னதில்லை, என் சொந்தச் சரக்கு. இழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பத்தில் நானே எழுதியதை என் வாயே விழுங்கிவிட்டது. அந்தப் பெண் வாசலுக்கு வந்து, செடிகளைப் பார்த்து, ஒரு மிளகாயைத் தடவி, அழகான தோட்டம் என்றார். துரை நன்றி சொன்னார். ஜீப் அடுத்த பள்ளத்தாக்கில் இருந்த வேறொரு தோட்டத்துக்குப் போனது. கூரையும் அங்கேதான் போனது. கீழ் லயத்தில் தகரம் மாற இன்னும் ஏழு வருஷமாயிற்று. அதையும் லயத்து ஆட்கள் தாங்களே சேர்ந்து வாங்கிப் போட்டார்கள்.

ஜீப் மறைந்ததும் லொறி வந்தது. முப்பத்தொன்பது பை ஏறிவிட்டது. நாற்பதாவதை அக்கா கையில் வைத்திருந்தாள்.

“இந்த ஒன்ன மட்டும் வச்சிட்டுப் போடி. காய் புடிச்சிருக்கு.”

“முடியாதுக்கா. நாப்பதும் எண்ணிக் குடுக்கணும்.”

அவள் விடவில்லை. நானும் விடவில்லை. லயமே பார்க்க, பன்னிரண்டு வீட்டுச் சனமும் பார்க்க, ஒரு மிளகாய்ச் செடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். என்னைப் படிக்க வைத்த கையிலிருந்து பிடுங்கி லொறியில் வைத்தேன். அக்கா உள்ளே போய், ரோஸ் நிறச் சேலையை அவிழ்த்து, நன்றாக மடித்துக் கொண்டுவந்து, “இதுவும் கணக்குல இருக்குமே” என்று என்னிடம் நீட்டினாள்.

அன்றைக்குப் பின்னேரமே மழை பிடித்தது. குவாட்டர்ஸில் என் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழவில்லை. கீழ் லயத்தில் பேசின்கள் இந்நேரம் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது, சீ, நீயும் ஒரு மனுஷியா என்று எனக்கே வாய்விட்டு வந்தது. அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை, டீ குடித்தேன். ஆனால் இந்த வேலையில் இனி இருக்கப்போவதில்லை என்பது அந்த டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், பத்து நாளில் நிரந்தரக் கடிதம் வந்தது. வீட்டுத் தோட்ட அபிவிருத்தியில் நான் காட்டிய சிறந்த ஈடுபாட்டைப் பாராட்டி, துரை தன் கையாலேயே கொடுத்தார். நான் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “சம்பளம் போதாதா?” என்று கேட்டார். வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் எனக்குக் காதல் என்றார்கள், கிறுக்கு என்றார்கள். கிறுக்கு என்றவர்கள் உண்மைக்குக் கொஞ்சம் கிட்ட வந்தார்கள்.

பண்டாரவளையில் ஒரு விதைக்கடையில் வேலை கிடைத்தது. பட்டாசுக்கட்டு மாதிரி விதைப் பைக்கற்றுகள், வாசலில் நாற்றுகள். உத்தியோகத்தர் நாற்காலியிலிருந்து கடை ஸ்டூலுக்கு இறங்கினாள் என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரித்தார்கள். இது முளைக்குமா என்று கேட்பவர்களிடம் முளைக்கும் என்றோ முளைக்காது என்றோ சொன்னால் போதும். கொஞ்சம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாதம் கழித்து, முதல் சம்பளம் வாங்கிய கையோடு, காய் பிடித்த மிளகாய்ச் செடி ஒன்றைப் பையோடு தூக்கிக்கொண்டு கீழ் லயத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. வீட்டு நடுவில் பேசின் பாதிக்கு நிறைந்திருந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள், மூச்சு இழுக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. அக்கா வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

“வாங்க. லொறி எத்தன மணிக்கு வருது, மிஸ்?” என்றாள்.

மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தேன். வாசலில் குழி வெட்டினேன். பிறகு அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்து, அக்கா பார்த்துக்கொண்டு நிற்க, மேலிருந்து கீழே வரைக்கும் கிழித்தேன்.